பைக் இன்டர்காம் வாங்கப் போறீங்களா? கிலோமீட்டரை விடுங்க... பின்சீட்டைப் பாருங்க!

“ஏங்க... அந்த லெஃப்ட்ல திரும்பணும்.”

“ஆங்? என்னது?”

“லெஃப்ட்டுங்க... லெஃப்ட்!”

அதற்குள் திரும்ப வேண்டிய இடம் பின்னால் போயிருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு பைக்கில் போய்வந்த எந்த ஜோடிக்கும் இது பழகிப்போன வசனம்தான். பின்னால் இருப்பவர் தொண்டை கிழியக் கத்துவார். முன்னால் இருப்பவர் காதில் காற்றுச் சத்தம் மட்டுமே விழும். என்ன சொல்கிறார் என்று கேட்கத் தலையைப் பாதி திருப்புவார். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் பைக், ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் நகர்ந்துவிடும். வழி தவறியதோடு போனால் அன்றைக்கு நல்ல நேரம்.

இந்தச் சிக்கலுக்கு வந்த விடைதான் ஹெல்மெட் இன்டர்காம். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு கருவி, ஹெல்மெட்டின் இடப்பக்கம் வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே காதுக்கு ஒன்றாக இரண்டு ஸ்பீக்கர், வாய்க்கு அருகே ஒரு மைக். ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் சாதாரணக் குரலில் பேசிக்கொள்ளலாம். கூட வரும் பைக்குகளோடும் பேசலாம். பாட்டு, மேப்பின் குரல், போன் அழைப்பு எல்லாமே இதில் வரும். லடாக் போகிறவர்கள் மட்டும் வைத்திருந்த பொருள், இப்போது ஞாயிறு காலை டிபனுக்கு மகாபலிபுரம் போகும் கூட்டத்திடமும் வந்துவிட்டது.

வாங்கப் போகும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. ஒன்று சில ஆயிரம் ரூபாய். இன்னொன்று முப்பதாயிரத்தைத் தாண்டுகிறது. பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பது எத்தனை கிலோமீட்டர், எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்ற எண்கள். ஆனால் முடிவைத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி அந்தப் பெட்டியில் இல்லை. யாரோடு பேசுவதற்காக இதை வாங்குகிறோம்?

இதற்கு நேர்மையாகப் பதில் சொன்னால் பலருக்குப் பாதிப் பணம் மிச்சமாகும். கூடவே இன்னொன்றும் புரியும். இந்தக் கருவி கொண்டுவரும் குரல்களில், ஓடும் பைக்கில் கேட்கத் தகுந்தது பின்சீட்டுக் குரல்தான். போன் குரல் அல்ல.

பெட்டியில் இருக்கும் கிலோமீட்டர் யாருக்கு?

‘ரேஞ்ச் 1 கி.மீ.’, ‘1.5 கி.மீ.’ என்று போட்டிருப்பது பொய் இல்லை. ஆனால் அது நடுவில் எந்தத் தடையும் இல்லாத திறந்த வெளியில், ஒருவரை ஒருவர் நேராகப் பார்க்கும் நிலையில் எடுத்த அளவு. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலோ, கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ அந்தக் கணக்கு நிற்காது. முன்னால் போன பைக் ஒரு வளைவு திரும்பியதும் நடுவில் மலையே வந்து நிற்கிறது. இந்தக் கருவிகள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மலையைத் துளைத்துப் போகும் சக்தி கிடையாது. நகரத்தில் கட்டடமும் பேருந்தும் அதே வேலையைச் செய்கின்றன.

சரி, பின்சீட்டில் இருப்பவருக்கும் ஓட்டுபவருக்கும் எவ்வளவு தூரம்? ஒரு மீட்டர்கூட இல்லை. பெரும்பாலும் ஜோடியாகப் போகிறவர், ஒன்றரைக் கிலோமீட்டர் ரேஞ்சுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண்தான்.

புளூடூத்தா, மெஷ்ஷா?

கடையில் அடிக்கடி காதில் விழும் இரண்டு சொற்கள் இவை. வித்தியாசம் எளிது.

புளூடூத் இன்டர்காம் கைகோத்து நிற்கும் வரிசை மாதிரி. முதல் பைக் இரண்டாவதோடு, இரண்டாவது மூன்றாவதோடு இணையும். இரண்டு பேருக்கு இது கச்சிதம். மூன்று, நான்கு பேர் வரை சமாளிக்கலாம். ஆனால் நடுவில் ஒருவர் டீ குடிக்க நின்றுவிட்டால் வரிசை அறுந்துவிடும். திரும்பவும் இணைக்க வேண்டும்.

மெஷ் என்பது வலை. ஒவ்வொரு கருவியும் எட்டும் தூரத்தில் உள்ள மற்ற எல்லாக் கருவிகளோடும் தொடர்பில் இருக்கும். ஒருவர் விலகினால் பேச்சு வேறு வழியாகப் போய்ச் சேரும். அவர் திரும்பி வந்தால் தானாக ஒட்டிக்கொள்ளும். இஸ்ரேலின் கார்டோ, தென்கொரியாவில் தொடங்கிய சேனா, பெங்களூருவின் புளூஆர்மர் ஆகிய நிறுவனங்கள் இந்த வகையை விற்கின்றன. கார்டோவின் பேக்டாக் வரிசையில் 15 பேர் வரை ஒரே குழுவில் பேசலாம்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் மெஷ், இன்னொரு நிறுவனத்தின் மெஷ்ஷோடு பொதுவாகப் பேசாது. வேறு வேறு பிராண்டை இணைக்க வேண்டுமானால் பெரும்பாலும் பழைய புளூடூத் வழிக்கே திரும்ப வேண்டியிருக்கும். அப்போது மெஷ்ஷுக்காகக் கொடுத்த பணத்துக்குப் பலன் இல்லை. ஆகவே குழுவாகப் போகிறவர்கள் விமர்சன வீடியோக்களைப் பார்ப்பதற்கு முன், ‘நம்ம கேங்ல எல்லாரும் என்ன வெச்சிருக்காங்க?’ என்று கேட்பது நல்லது.

சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். மாதத்தில் இரண்டு மூன்று முறை நான்கு பைக்குக்கு மேல் சேர்ந்து போனால் மெஷ். மனைவியோ, கணவரோ, நண்பரோ, தங்கையோ பின்னால் அமர்ந்து வருவதுதான் வழக்கம் என்றால், நல்ல புளூடூத் ஜோடியே போதும். விலை உயர்ந்த ஒன்றை வாங்குவதைவிட நடுத்தர விலையில் இரண்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

ஒரு பைக், இரண்டு நியாயம்

நடைமுறையில் நடப்பது என்ன? முதலில் ஓட்டுபவர் தனக்கு ஒன்று வாங்குகிறார். ‘இன்னொன்னு அப்புறம் பாத்துக்கலாம்’ என்கிறார். அந்த அப்புறம் பல வீடுகளில் வருவதே இல்லை.

இதில் ஒரு விபரீதம் இருக்கிறது. ஓட்டுபவர் காதில் மட்டும் ஸ்பீக்கர் வந்ததும் பின்னால் இருப்பவர் முன்பைவிட ஊமையாகிவிடுகிறார். முன்பு கத்தினால் பாதியாவது கேட்கும். இப்போது பாட்டு ஓடுகிறது. ‘கொஞ்சம் மெதுவா போங்க’ என்ற வார்த்தை போய்ச் சேர வழியே இல்லை. வண்டியில் இரண்டு பேர் போகிறார்கள். வேகத்தைப் பற்றிப் பேச ஒருவருக்குத்தான் வாய்ப்பு இருக்கிறது.

ஹெல்மெட் விஷயத்திலும் இதே கதைதான். ஓட்டுபவர் தலையில் முகம் முழுக்க மூடும் தரமான ஹெல்மெட். பின்னால் இருப்பவருக்கோ, போலீஸ் நிற்கும் சிக்னலுக்காக வாங்கிய ஒரு தொப்பி. பின்சீட்டுக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று 2022 மே 23 முதல் சென்னை போக்குவரத்து போலீஸ் கெடுபிடி காட்டத் தொடங்கிய பிறகும், எத்தனையோ வீடுகளில் இரண்டாவது ஹெல்மெட் இரண்டாம் தரமாகவே இருக்கிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கைப் பார்த்தால் இதன் விலை தெரியும். 2022-ல் இந்தியச் சாலைகளில் ஹெல்மெட் அணியாமல் சென்று இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் வண்டியை ஓட்டியவர்கள் அல்ல, பின்னால் அமர்ந்து வந்தவர்கள்.

அதனால் இன்டர்காமுக்குப் பணம் ஒதுக்குபவர் முதலில் பின்சீட்டு ஹெல்மெட்டைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா? 2021 ஜூன் 1 முதல் அந்த முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். தாடைப் பட்டை இறுகப் பிடிக்கிறதா? இல்லையென்றால் இன்டர்காம் பட்ஜெட்டின் முதல் செலவு அந்த ஹெல்மெட்தான். பேசுவது பிறகு. தலை இருந்தால்தானே பேச்சு!

காதுக்கு நேரே ஒரு பள்ளம்

இன்டர்காம் வாங்கியவர்கள் சொல்லும் முதல் புகார், ‘சத்தமே பத்தலை’. பல நேரங்களில் கோளாறு கருவியில் இருக்காது, ஸ்பீக்கர் ஒட்டிய இடத்தில் இருக்கும். காதுத் துளைக்கு நேராக இல்லாமல் ஸ்பீக்கர் ஒரு சென்டிமீட்டர் விலகினாலே சத்தம் கணிசமாகக் குறைந்துவிடும்.

நல்ல ஹெல்மெட்களில் ஸ்பீக்கருக்கென்றே காதுப் பக்கம் ஒரு பள்ளம் இருக்கும். அது இல்லாத ஹெல்மெட்டில் தடித்த ஸ்பீக்கரை வைத்தால் காது மடலை அழுத்தும். பத்து நிமிடத்தில் வலி எடுக்கும். தோடு, ஜிமிக்கி போட்டிருப்பவருக்குக் கேட்கவே வேண்டாம். கண்ணாடி அணிபவருக்கும் இதே தொல்லை. கருவியைப் பொருத்தியதும் நேராக ரோட்டுக்குப் போகாமல், இருவரும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வீட்டிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

இடம் போதவில்லை என்று சிலர் உள்ளே இருக்கும் தெர்மோகோலைக் கத்தியால் சுரண்டிவிடுகிறார்கள். இதை மட்டும் செய்யவே கூடாது. அடிபடும்போது நசுங்கி, தலைக்குப் போகும் அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்வது அந்தத் தெர்மோகோல்தான். வெளி ஓட்டில் ஓட்டை போடுவதும் அப்படியே. ஐரோப்பாவின் புதிய ஹெல்மெட் தரமான இ.சி.இ. 22.06-ல், ஹெல்மெட் நிறுவனம் தன் ஹெல்மெட்டுக்கென்று விற்கும் இன்டர்காம் போன்ற துணைக்கருவிகளைப் பொருத்தியும் சோதிக்கிறார்கள். ஹெல்மெட்டில் ஒரு பொருளைச் சேர்ப்பது அந்த அளவுக்குக் கவனம் கேட்கும் விஷயம்.

மைக்கிலும் இரண்டு வகை உண்டு. முகம் முழுக்க மூடும் ஹெல்மெட்டுக்கு, தாடைப் பகுதியில் ஒட்டும் சின்னப் பொத்தான் மைக். முகம் திறந்த ஹெல்மெட்டுக்கும், தாடையைத் தூக்கும் வகைக்கும் வளைந்து நீளும் தண்டு மைக். இருவர் ஹெல்மெட்டும் வேறு வகை என்றால், பெட்டியில் இரண்டு மைக்கும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

மலிவான சில கருவிகளில் குரல் கேட்டால் மட்டும் மைக் விழித்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கும். பேட்டரி மிச்சமாகும், உண்மைதான். ஆனால் அது விழிப்பதற்குள் முதல் வார்த்தை விழுங்கப்படலாம். ‘பள்ளம்!’ என்று கத்தினால் அதுதானே முதல் வார்த்தை, கடைசி வார்த்தையும்? ஜோடியாகப் போகிறவர்களுக்கு எப்போதும் திறந்திருக்கும் இருவழிப் பேச்சுதான் சரி.

சத்தத்தைக் கூட்டுவது தீர்வல்ல

ஹெல்மெட்டுக்குள் காற்றுச் சத்தம் எவ்வளவு என்று அளந்தவர்கள் இருக்கிறார்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்திலேயே அது 90 டெசிபலைத் தொடலாம். நெடுஞ்சாலை வேகத்தில் 100-ஐ நெருங்கும், தாண்டவும் செய்யும். அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நயோஷ் ஒரு கணக்கு சொல்கிறது. 85 டெசிபல் சத்தத்தை நாளுக்கு 8 மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலில் 15 நிமிடம்தான். புதுச்சேரிப் பயணமோ மூன்று மணி நேரம்!

இன்டர்காம் இந்தச் சத்தத்தைக் குறைப்பதில்லை. அதற்கு மேலே இன்னொரு சத்தத்தை ஏற்றுகிறது. பெட்டியில் ‘நாய்ஸ் கேன்சலேஷன்’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் மைக்குக்கானது. எதிரில் கேட்பவருக்குக் காற்று இரைச்சல் போகாமல் அது வடிகட்டும். அணிந்திருப்பவரின் காதைப் பாதுகாக்காது. ஹெல்மெட் தலைக்குச் சரியாகப் பொருந்தி, கழுத்துப் பக்கம் காற்று புகாமல் இருப்பதுதான் உண்மையான சத்தக் குறைப்பு. ஹெல்மெட்டுக்குள் இயர்பட்ஸ் மாட்டிக்கொண்டு போனில் பேசிக்கொள்வதும் இதற்கு மாற்று ஆகாது. கழற்றி மாட்டும்போது விழும், காது மடலை அழுத்தும், காதை அடைத்து ஹாரன் சத்தத்தையும் மங்கச் செய்யும்.

போன் அழைப்பு ஏன் வேறு?

இந்தக் கருவியை வாங்க ஐ.டி. வேலையில் இருக்கும் பலருக்கு உண்மையான காரணம் போன்தான். ‘ஓ.எம்.ஆர். டிராஃபிக்ல ஒரு கால் முடிச்சிடலாம்’ என்ற ஆசை. சட்டத்திலும் அதற்கு இடம் இருப்பதாக ஒரு நினைப்பு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு ஆபத்தான ஓட்டுதலாகக் குறிப்பிட்டுச் சொல்வது கையில் பிடித்த கருவியைத்தான். ஆனால் மூளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கை ஹேண்டில்பாரில் இருக்கும், கவனம் ஆபீஸில் இருக்கும்.

அப்படியானால் பின்சீட்டுப் பேச்சும் கவனத்தைச் சிதறடிக்காதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. கார் சிமுலேட்டரில் சிலரைப் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே ஓட்டச் சொன்னார்கள். சிலரை ஹேண்ட்ஸ்ஃப்ரீ போனில் பேசிக்கொண்டே ஓட்டச் சொன்னார்கள். குறிப்பிட்ட ஓர் இடத்தில் சாலையிலிருந்து விலக வேண்டும். பக்கத்தில் ஆள் இருந்தவர்களில் பெரும்பாலானோர் சரியாக விலகினார்கள். போனில் பேசியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அந்த இடத்தைத் தவறவிட்டார்கள்.

காரணம் சாதாரணமானது. பக்கத்தில் இருப்பவரும் அதே சாலையைப் பார்க்கிறார். நெரிசல் வந்தால் வாயை மூடிக்கொள்கிறார். ‘அதோ, அந்த எக்ஸிட்’ என்று நினைவூட்டுகிறார். போனில் இருப்பவருக்கு எதிரே லாரி வருவது தெரியாது. ‘ஹலோ, லைன்ல இருக்கீங்களா?’ என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

அது காரில் நடந்த ஆய்வு. பைக்கில் பின்னால் இருப்பவருக்கு முன்னால் இருப்பவரின் ஹெல்மெட் பாதிச் சாலையை மறைக்கிறது. ஆனாலும் பிரேக் பிடித்தால் அவர் உடம்புக்கும் தெரியும். வண்டி சாய்ந்தால் அவரும் சாய்கிறார். விழுந்தால் அவரும் விழுகிறார். அந்தப் பயணத்தில் அவருக்கும் பங்கு இருக்கிறது. போனில் இருக்கும் மேனேஜருக்கு இல்லை.

இங்கேதான் ஒரு செட்டிங் முக்கியமாகிறது. பல கருவிகளில் போன் அழைப்புக்குத்தான் முதல் மரியாதை. அழைப்பு வந்தால் இன்டர்காம் பேச்சு நின்றுபோகும். பின்னால் இருப்பவர் ‘நாய்... நாய் குறுக்க வருது’ என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கிரெடிட் கார்டு விற்பவர் உள்ளே வந்துவிடலாம். சில கருவிகள், சத்தமாக ஒரு வார்த்தை சொன்னாலே அழைப்பை ஏற்றுக்கொள்ளும். பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலையாக அந்தத் தானியங்கி வசதியை அணைக்க வேண்டும். வண்டியைக் கிளப்பும் முன் போனை ‘டு நாட் டிஸ்டர்ப்’-ல் போட வேண்டும். மேப்பின் குரல் மட்டும் வந்தால் போதும். ஹேண்டில்பாரில் இருக்கும் போனைக் குனிந்து குனிந்து பார்ப்பதைவிட அது நல்லது. தனியாக ஓட்டுபவருக்கு இந்தக் கருவி தரும் பெரிய லாபமும் அதுதான்.

கடையில் கேட்க வேண்டியவை

* இருவர் ஹெல்மெட்டையும் கையோடு கொண்டு போங்கள். காதுப் பள்ளம் இருக்கிறதா, கிளிப் மாட்ட இடம் இருக்கிறதா என்று அங்கேயே பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.
* கிளவுஸ் போட்ட கையால் பொத்தான்களைத் தடவி அடையாளம் காண முடிகிறதா என்று பாருங்கள். கருவி இடப்பக்கம் இருப்பது வலக்கை ஆக்சிலரேட்டரில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.
* ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஐ.பி. 67 தரம் கைகொடுக்கும். தூசு உள்ளே போகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்பது அதன் பொருள். சும்மா ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று மட்டும் போட்டிருந்தால் எண்ணைக் கேளுங்கள்.
* பேட்டரி எத்தனை மணி நேரம் என்பது இன்டர்காம் பேச்சுக்கா, வெறும் பாட்டுக்கா என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல.
* ஸ்பீக்கர், மைக், கிளிப் தனியாகக் கிடைக்குமா? முதலில் பழுதாவது பெரும்பாலும் இவைதான். சர்வீஸுக்கு எங்கே அனுப்ப வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.
* கேமராவோடு சேர்ந்து வரும் மாடலை வாங்கிக்கொண்டு மூணாறு, வயநாடு போகும் திட்டம் இருந்தால் கவனம். ஹெல்மெட்டில் கேமரா மாட்டுவதற்கு எதிராகக் கேரள மோட்டார் வாகனத் துறை 2022-லேயே எச்சரித்திருக்கிறது.

தோளில் ஒரு தட்டு

இத்தனையும் பார்த்து வாங்கினாலும் ஒருநாள் பேட்டரி தீரும். மழையில் ஒரு ஸ்பீக்கர் மௌனமாகும். அதற்கு இன்டர்காம் வருவதற்கு முன்பே ஓர் ஏற்பாடு இருந்தது. தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாக. இரண்டு தட்டு என்றால் நிறுத்து. கிளம்பும் முன் ஒரு முறை பேசி வைத்துக்கொண்டால் போதும். சார்ஜ் வேண்டாம், ஆப் வேண்டாம்.

அந்தத் தட்டுக்கு ஓட்டுபவர் மதிப்புக் கொடுப்பவராக இருந்தால், இன்டர்காம் அந்தப் பயணத்தை இன்னும் இனிமையாக்கும். தோளில் தட்டியும் வேகம் குறையாத வண்டியில், முப்பதாயிரம் ரூபாய்க் கருவியை மாட்டினாலும் பின்சீட்டில் இருப்பவரின் ‘மெதுவா போங்க’ தெளிவாகக் கேட்கும். கேட்டு என்ன பயன்?